இன்னிக்கு எந்தக் கால்?

“இன்னிக்கு எந்தக் கால்?”

வாசலில் நொண்டியபடி வந்து நின்ற தூபாவை ஜோதி மேலும் கீழும் பார்த்தாள்.

“இடது கால், ஆன்ட்டி. ஊனவே முடியல.”

“நேத்து வலது காலுன்ன?”

“அது... நேத்து, ஆன்ட்டி.”

“நல்லா இருக்கும்மா! காலு விட்டுக் காலு தாவுற வலிய இப்பத்தான் பாக்குறேன்.”

உள்ளே ஜோதியின் மகள் பாரதி ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வேலூரில் அஞ்சாயிரம் மீட்டர் ஓட்டத்துக்குத் தேர்வு. அதில் தேறினால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜ் சீட்டு. இல்லாவிட்டால் அம்மாவோடு ஷூ கம்பெனிக்குப் போக வேண்டியதுதான். சோளிங்கர் மலைக்குப் படியேறி வருவதாக ஜோதி நரசிம்மரிடம் வேண்டிக்கொண்டுகூட ஆயிற்று.

விடியாத நேரத்தில் பைபாஸ் ஓரம் வயசுப்பெண் தனியாக ஓடக்கூடாது, தோழியோடுதான் ஓட வேண்டும். இது ஜோதி போட்ட சட்டம். அதனால் தூபா நொண்டினால் பாரதிக்கும் லீவு. இந்த வாரம் தினமும் இதே கதை.

“நானும்தான் கம்பெனியில நாள் பூரா நின்னுக்கிட்டே ஷூவுக்குப் பசை தடவி பேஸ்டிங் போடறேன். ஒரு நாளாவது கால் வலின்னு உக்காந்திருப்பேனா? வலி வலின்னு சொல்றவள்லாம் எதுக்கு ஓட வரணும்? வீட்ல உக்காந்து பூ கட்டலாமே!”

“விடும்மா” என்றாள் பாரதி.

“நீ சும்மா இருடி. பெரிய தோஸ்த்து! அதே ஓட்டத்துல அவளும்தான் நிக்கிறா. நீ பிராக்டீஸ் இல்லாமப் போனா யாருக்கு லாபம்? யோசிச்சியா?”

தூபாவின் முகம் சுண்டிப்போனது.

“பாத்தியா, பதில் வரல!” ஜோதி மொபெட் சாவியை எடுத்தாள். “துணைதான வேணும்? நானே வண்டியில பின்னாடி வர்றேன். விட்டதுக்கும் சேத்து இன்னிக்கு ஜாஸ்தியா ஓடு. கிளம்பு!”

“வேணாம் ஆன்ட்டி! இன்னும் கொஞ்ச நாள் பொறுங்க, ப்ளீஸ்!”

“உனக்குக் கால் வலின்னா என் பொண்ணு ஏன் பொறுக்கணும்? நீ வீட்டுக்குப் போய் ரெண்டு காலுக்கும் தைலம் தேச்சுக்கோ.”

பாரதி மறுபேச்சில்லாமல் ஷூவை மாட்டிக்கொண்டு இறங்கினாள். தெருமுனை தாண்டியதும் ஓட ஆரம்பித்தாள். பின்னால் ஜோதியின் மொபெட்.

“இன்னாடி இது, ஆமை கணக்கா? வேகமா!”

திடீரென்று முதுகுப்பக்கம் தடதடவென்று காலடிச் சத்தம். ஜோதி திரும்புவதற்குள் மொபெட்டைத் தாண்டிப் பறந்தாள் தூபா. நொண்டலாவது ஒண்ணாவது! பாரதியைக் கட்டிப்பிடித்து நிறுத்தினாள்.

ஜோதி பிரேக் போட்டாள். சிரிப்புதான் வந்தது.

“அடியம்மா! சாயம் வெளுத்துப்போச்சா? இதுதான் ஊன முடியாத காலா? இவ்ளோ பொய் பேசற வாயாலதான் அஞ்சு வேளையும் தொழறியா?”

தூபா குனிந்து, பாரதியின் சாக்ஸை மெல்லக் கீழே இறக்கினாள்.

முன்னங்கால் எலும்பின் மேல் துணிக்கட்டு. அதையும் மீறிப் புடைத்திருந்தது வீக்கம்.

“இப்ப ஓடினா எலும்புல கீறல் விழும், ஓய்வு எடுத்தாத்தான் ஞாயித்துக்கிழமையப் பத்தி யோசிக்கவே முடியும்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்கம்மா.” பாரதி விம்மினாள். “உங்கிட்ட வலின்னு சொல்ல பயமா இருந்துச்சு. முதல்ல வலது கால்லதான் வலி இருந்துச்சு. அதைத் தாங்கித் தாங்கி நடந்ததுல இன்னிக்கு இடதும் பிடிச்சுக்கிச்சு. காலையில போன்ல இவகிட்ட சொன்னேன்...”

மொபெட் இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. ஜோதிக்கு அதை அணைக்கத் தோன்றவில்லை.

“அவ நொண்டினதெல்லாம் என் காலும்மா.”