சூசைமாணிக்கத்தின் மொத்தம்

ரெக்கார்டு நோட்டு ஒன்று மேசைமேல் வழுக்கி அவள் முன்னால் வந்து நின்றது.

தள்ளிவிட்டவள் பக்கத்து சீட்டு அக்‌ஷிதா.

“லேட்டரல் என்ட்ரியா? பாலிடெக்னிக்ல இதெல்லாம் சொல்லித் தந்திருக்க மாட்டாங்க. அப்படியே பாத்து எழுதிக்கோ.”

இன்ஜினியரிங் கல்லூரி. நேரே இரண்டாம் ஆண்டில் வந்து சேர்ந்த முதல் நாள், முதல் லேப்.

அந்தப் பாலிடெக்னிக்கின் லட்சணம் அவளுக்குத் தெரியாததா? மூன்று வருஷம் கம்ப்யூட்டர் படித்ததாகப் பேர். அத்தனையும் ஈயடிச்சான் காப்பி. பெயரையும் மூன்று மார்க்கையும் கேட்டு, கூட்டிச் சொல்கிற சின்ன புரோகிராம். ஐம்பது பேர் ரெக்கார்டிலும் அவுட்புட் ஒன்றேதான்.

பெயர்: சூசைமாணிக்கம்.

67, 72, 58.

மொத்தம்: 187.

யார் அந்த மகராசன்? எந்தக் காலத்து சீனியரோ, ஒருத்தருக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் எப்படியப்பா கூட்டலில் பத்தை விழுங்கும் என்று ஒரு ஜென்மமாவது கேட்க வேண்டுமே!

அங்கே அவள் மட்டும் புரோகிராமை ஓட்டிப் பார்த்தாள். தன் பெயரையும் அதே மூன்று மார்க்கையும் கொடுத்தாள். 197 வந்தது. அதையே எழுதினாள்.

சார் சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

“சூசைமாணிக்கம் எங்கம்மா?”

ரெக்கார்டில் அவர் கையெழுத்து விழாவிட்டால் பரீட்சைக்குள் விடமாட்டார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு சூசைமாணிக்கத்தை எழுதிக் கொடுத்தாள். எழுதிய கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது. பெரிய காலேஜுக்குப் போய்விட்டால் இந்தக் கூத்தெல்லாம் இருக்காது என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

அக்‌ஷிதாவின் நோட்டைப் பிரித்தாள். இடப்பக்கம், பென்சிலில், அவுட்புட்.

பெயர்: சூசைமாணிக்கம்.

கண் கீழே இறங்கியது.

187.

ஆக, மனுஷன் லேட்டரலில் இங்கேதான் வந்து சேர்ந்திருக்கிறார். நோட்டையும் தூக்கிக்கொண்டு.

வயிறு எரிந்தது. சிரிப்பும் வந்தது.

“இவரு எங்க பாலிடெக்னிக் சீனியர்” என்றாள்.

அதையே இன்னொரு நோட்டில் பார்க்காமலே எழுதிக்கொண்டிருந்த அக்‌ஷிதாவின் பென்சில் 18-இல் நின்றது.

புதிதாக வந்தவள் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பினாள். புரோகிராமை அடித்தாள். ஓட்டினாள்.

தன் புது நோட்டில் பெயர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். மொத்தம் 197. பென்சிலில் அல்ல, பேனாவில்.

சிவப்பு மை வரும்.

வரட்டும்.