மலை சுற்றினால் தீரும் எர்ரர்

அண்ணாமலையார் மேல் ஆணை, இதில் ஓரெழுத்தும் பொய்யில்லை.

படம் வரையும் இலவச மென்பொருள் ஒன்றை அதன் மூல நிரலான சோர்ஸ் கோடிலிருந்து தானே உருவாக்கப் பார்த்தான் வேங்கிக்கால் ஊர்க்காரன் வளவன். வந்ததெல்லாம் எர்ரர். எதிர்வீட்டு மொஹ்சினோ அதை என்றைக்கோ முடித்திருந்தான். வளவனுக்கு வயிறு எரிந்தது.

“மொஹ்சின் அண்ணனுக்கு மூளை ஜாஸ்திங்க” என்று எண்ணெய் ஊற்றினாள் மனைவி எழில்.

மானத்தை விட்டு மொஹ்சினிடமே கேட்டான்.

“எனக்கும் எர்ரர்தான் வளவா. வெறுத்துப்போய் மலையைச் சுத்திட்டு வந்தேன். பாத்தா, தானா முடிஞ்சிருக்குது.”

வளவனும் வெறுங்காலோடு சுற்றி வந்தான். திரையில் மென்பொருள் திறந்திருந்தது.

“இப்ப சொல்லு, யாருக்கு மூளை ஜாஸ்தி?”

“உங்களுக்குத்தாங்க.”

மொஹ்சின் மலை சுற்றிய நேரத்தில் அவன் மனைவி சானியா செய்ததுபோலவே, எழிலும் அந்த மென்பொருளை ரெடிமேடாக டவுன்லோடு செய்து போட்டிருந்தாள்.