மேலே ஏறிய ரப்பர் வளையம்

என் சைக்கிளை எவனோ திருட்டுத்தனமாக எடுத்து ஓட்டுகிறான்.

வாசலில் நான் சாத்திய இடத்திலேயேதான் நிற்கிறது. ஆனாலும் எனக்குத் தெரியும். முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, மேடு பள்ளத்தில் அமுங்கி எழும்பும் ஃபோர்க் காட்டிக்கொடுத்துவிட்டது.

துபாயிலிருந்து ஷஃபி அண்ணன் அனுப்பிய ஃபோர்க். பழசு சும்மா பேருக்குத்தான். உப்பளத்து வரப்பில் குதித்தால் அமுங்கும், அமுங்கின வேகத்தில் எகிறி ஹேண்டில்பாரைக் கையிலிருந்து பிடுங்கும். புதுசில் காற்றடிக்கலாம். மேலே ஒரு நீலத் திருகு, அமுங்குவதை அடக்க. அதை முழுசாகத் திருகினால் ஃபோர்க் அமுங்காமல் பூட்டிக்கொள்ளும். கீழே சிவப்புத் திருகு, எழும்புவதை அடக்க. என் எடைக்குக் காற்றடித்து, ஒவ்வொரு க்ளிக்காக மாற்றி, ஓட்டி ஓட்டிப் பார்த்து வைத்திருந்தேன். எப்பேர்ப்பட்ட மேடு பள்ளமானாலும் அடியை அது வாங்கிக்கொள்ளும். என் கைக்கு வராது.

ஞாயிற்றுக்கிழமை மரக்காணம் உப்பளத்தைச் சுற்றி ரேஸ். ஜெயித்தால் பாண்டிச்சேரியில் ஒரு கிளப்பில் சேர்த்துப் பயிற்சி தருவார்கள். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். படிப்பு வரவில்லை, அவ்வளவுதான். சைக்கிள் வருகிறது. அதை விடுவதாக இல்லை.

ஃபோர்க் காலில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். ஃபோர்க் எவ்வளவு அமுங்குகிறதோ அவ்வளவு மேலே ஏறி அங்கேயே நின்றுவிடும். நான் ஓட்டினால் முக்கால்வாசிக்கு மேல் ஏறாது. புதன்கிழமை காலையில் பார்க்கிறேன், உச்சியில் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது! நீலத் திருகு வேறு முழுசாகப் பூட்டியிருக்கிறது.

ஆக, ஓட்டினவன் என்னைவிடக் கனம். வண்டி அமுங்கினதும் பயந்துபோய்ப் பூட்டிவிட்டான். ஓட்டவும் தெரியாது.

"அம்மா, என் சைக்கிள யாராவது எடுத்தாங்களா?"

அம்மா மீன் ஆய்ந்துகொண்டே சொன்னாள். "அந்தச் சனியன எவன் எடுத்தா என்ன? தொலைஞ்சா நிம்மதி."

அம்மாவுக்கு சைக்கிள் என்றாலே ஆகாது. அதற்குக் காரணம் பக்கத்து வீட்டு ஷமா மாமி. நேற்றுகூட மதில் மேலே எட்டிப் பார்த்துக் கத்தினார்.

"ரம்ஜான் பீவி, ஒம் பொண்ணு ஆம்பளப் பசங்களோட ரேஸ் வுடப் போவுதாமே? தெருவே சிரிக்குது. நாளைக்கு எவன் வந்து பொண்ணு கேப்பான்?"

அம்மா அவரை விட்டுவிட்டாள். உள்ளே வந்து என்னைத்தான் வறுத்தெடுத்தாள்.

"ரேஸும் வேணாம், கீஸும் வேணாம். காது குடுத்துக் கேக்க முடியல."

"நான் போவேம்மா."

"கால ஒடிப்பேன்."

"ஒடி. ஒத்தக் கால்ல மிதிக்கிறேன்."

என் சந்தேகமெல்லாம் ஷமா மாமி மகன் ஜஹாங்கீர் மேல்தான். ஆளும் குண்டு. நேராகப் போய்க் கேட்டேன்.

"டேய், என் சைக்கிள எடுத்தியா?"

"நானா?" தொப்பையைத் தட்டிக் காட்டினான். "நான் ஏறினா ஒன் சைக்கிள் உசுரோட இருக்குமா, ஆஸிஃபா?"

"உச்சி வரைக்கும் அமுங்கியிருக்குடா."

"அப்போ நீதான் போண்டா ஜாஸ்தி துன்னிருப்ப. கொறைச்சிக்க."

வியாழனும் அதே கதை. வெள்ளியும் அதே கதை. வளையம் உச்சியில், திருகு பூட்டியபடி. நானும் விடாமல் திரும்பத் திரும்ப சரிசெய்தேன். இன்னொன்றும் கவனித்தேன். செயின் இடுக்கில் மட்டும் வெள்ளையாக உப்பு. அப்படியென்றால் உப்பளத்துக்குத்தான் ஓட்டிப் போகிறான். மீதியெல்லாம் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து வைத்திருந்தது. உப்பு பட்ட இரும்பைக் கழுவாமல் விட்டால் தின்றுவிடும். திருடனுக்கு அதெல்லாம் தெரிந்திருக்கிறது. எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. ரேஸ் நேரத்தில் எவனோ கீழே போட்டு உடைத்துவிட்டால்?

சனிக்கிழமை, விடியற்காலை சுபுஹு பாங்குக்கு முன்பே எழுந்தேன். போர்வைக்குள் தலையணையை வைத்துவிட்டு உப்பளத்துக்கு நடந்தேன். கீற்று போட்டு மூடிய உப்புக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

வெளுக்க ஆரம்பித்தபோது வந்தது ஓர் உருவம். தலையையும் முகத்தையும் சுற்றி ஒரு துண்டு. வரப்பில் ஏறி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடி, ஃபோர்க் அமுங்கியதும் பதறி, நிறுத்தி, திருகைத் திருகியது. மறுபடி மிதித்தது. நாலு மிதிதான். சைக்கிளோடு உப்புப் பாத்திக்குள் தொபுக்கென்று விழுந்தது.

"மாட்னியா!"

ஓடிப்போய்த் துண்டைப் பிடித்து இழுத்தேன்.

அம்மா.

"மொறைக்காதடி. தூக்கு மொதல்ல. முட்டில உப்புத் தண்ணி பட்டு எரியுது."

"என்னம்மா இது? நான் ஓட்டினா கால ஒடிப்ப. நீ மட்டும் திருட்டுத்தனமா ஓட்டுவியா?"

அம்மா எழுந்தாள். நொண்டிக்கொண்டே போய் சைக்கிளை நிமிர்த்தினாள். ஹேண்டில்பாரைத் தடவிப் பார்த்தாள்.

"இதுக்கு ஒண்ணும் ஆவலியே, பாரு. நாளைக்கு ஒனக்கு வேணும்ல."

"நாளைக்கா? நீதான போவக் கூடாதுன்ன?"

"சொன்னா நிக்கிற ஆளா நீ? நீ போவத்தான் போற. தெருவும் பேசத்தான் போவுது."

"அதுக்கு நீ எதுக்கு சைக்கிள் கத்துக்கற?"

அம்மா முட்டியைத் துடைத்துக்கொண்டு மறுபடி சைக்கிள் மேல் ஏறி உட்கார்ந்தாள்.

"நாளைக்கு நீ கெளம்பறதுக்கு முன்னாடி, ஷமா வீட்டு வாசல் வழியா நான் ஒரு ரவுண்டு வுடப் போறேன். பேசறவங்க எல்லாம் என்னையே பேசி முடிச்சிடட்டும். ஒன் காதுக்கு வராது."