அன்பளிப்புக் கதவு

"பூட்டிட்டு ஓடின வீடே மொட்டைச் சுவரா நிக்குது. அந்தச் சாவியை இன்னும் ஏன் இடுப்புல சொருகிக்கிட்டு அலையுற?" என்று கணவர் சிடுசிடுத்தார்.

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முகாமிலிருந்து திரும்பியவர்களுக்கு, சண்டை போட்ட பக்கத்து நாடே வீடு கட்ட உதவி அனுப்பியிருந்தது. இவர்கள் பங்குக்கு வந்தது, பளபளவென்று பச்சை பெயிண்ட் அடித்த ஒரு கதவு.

"பூட்டோட நாக்கு வெளியே நீட்டிக்கிட்டிருக்கு, கதவு சாத்த மாட்டேங்குது. சாவியும் அனுப்பல. உடைச்சிடட்டுமா?" என்றார் தச்சர்.

"இருங்கண்ணே" என்றவள், இடுப்பிலிருந்த சாவியை நுழைத்துத் திருப்பினாள். நாக்கு சமர்த்தாக உள்ளே போனது.

கணவர் குனிந்து சாவியையும் பூட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அம்மா, கேமராவைப் பார்த்து அவங்களுக்கு நன்றி சொல்லுங்க" என்று அவசரப்படுத்தினார், உதவிப் பொருளைக் கொடுக்க வந்திருந்த அதிகாரி.

"ரொம்ப நன்றிங்க" என்றாள். "எங்க ஜன்னல் ரெண்டும் அங்கதான் இருக்கும். அதையும் அன்பளிப்பா அனுப்பச் சொல்லுங்க."