பறவைத் தீவுக்கு முதல் தடவை

படகு கிளம்பியதும் அவருக்குக் கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த டீச்சருக்குப் பாவமாக இருந்தது.

"பறவை பார்க்கப் போறது இதான் முதல் தடவையா, சார்?"

"ஆமாம்மா. ரொம்ப வருஷத்து ஆசை."

"அப்புறம் ஏன் இத்தனை நாள் போகலை?"

"என் வேலை அப்படி. ரிட்டயர் ஆனதும்தான் நேரம் கிடைச்சுது."

"நடுக்கடல்ல படகு கொஞ்சம் ஆடும். பயந்துடாதீங்க."

"சரிம்மா" என்றார் பணிவாக. பக்கத்திலிருந்த மனைவி சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சாயங்காலம் தீவு வந்தது. படகை ஓட்டி வந்த இளைஞன் ஓடி வந்து அவர் கையைப் பிடித்தான்.

"இறங்குங்க, கேப்டன். எத்தனை வருஷமா எல்லாரையும் இங்க இறக்கிவிட்டுட்டு, நீங்க மட்டும் கரையில கால் வைக்காமலே படகைத் திருப்பியிருக்கீங்க! இன்னிக்கு படகை நான் பார்த்துக்கறேன்."

டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவர் மணலில் இறங்கி நின்றார். தலைக்கு மேல் வெள்ளைப் பறவைகள் கூட்டமாகப் போயின. அவசரமாகப் பைனாகுலரைத் தூக்கினார்.

"எல்லாம் மங்கலாத் தெரியுதே. இதுல ஏதோ கோளாறு."

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றாள் மனைவி. "முதல்ல கண்ணைத் துடைச்சிக்குங்க."