மூணு கம்ப்யூட்டர்காரன்

‘என் பெயர் திரிஷா. காலேஜ் படிக்கிறேன்’ என்று ஒற்றை விரலால் தட்டி முடித்துவிட்டு, மீசையில் வழிந்த வேர்வையைத் துடைத்துக்கொண்டான் மரிய ஜோசப். சின்னமனூரில் வாழைக்காய் மண்டி வைத்திருப்பவன். பிரவுசிங் சென்டரில் யாரும் எட்டிப் பார்த்துவிடக் கூடாதே என்று நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தான்.

எல்லாம் அந்தச் சூரியபிரகாஷால் வந்த வினை.

மரிய ஜோசப்பின் மனைவி ஜெசிந்தா பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். காசு கொடுக்காமல் கிடைக்கிற நல்ல சாப்ட்வேர் எது, விண்டோஸுக்கு எது, லினக்ஸுக்கு எது, மேக்குக்கு எது என்று இன்டர்நெட்டில் ஒரு வலைப்பூ எழுதிவந்தாள். படம் பார்க்க, கடிதம் அடிக்க, போட்டோவைத் திருத்த என்று வாரம் ஒரு கட்டுரை. எழுதினால் எழுதிவிட்டுப் போகட்டும். ஆனால் ஒவ்வொன்றின் அடியிலும் எவனோ ஒருவன் வந்து உருகினால்?

“இங்க பாருங்களேன், சூரியபிரகாஷ்னு ஒருத்தர் என்ன எழுதியிருக்காகன்னு!” என்று அவளே கூப்பிட்டுக் காட்டினாள்.

‘மேடம், நீங்கள் சொன்ன வி.எல்.சி.யை என் விண்டோஸில் போட்டேன். எல்லாப் படமும் ஓடுகிறது. உங்களைப்போல் விளக்கிச் சொல்ல ஆளில்லை.’ அடுத்த வாரம் அவனிடம் லினக்ஸ் இருந்தது. அதற்கடுத்த வாரம் மேக்.

மூணு கம்ப்யூட்டரா வைத்திருக்கிறான்? எவனோ எஸ்டேட்காரனாகத்தான் இருப்பான். மரிய ஜோசப்புக்கு வயிறு பற்றி எரிந்தது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவன் அவளை ஒரு நாளாவது பாராட்டியிருக்கிறானா என்று கேட்காதீர்கள், அது வேறு விஷயம்.

அதனால்தான் திரிஷா. சின்னப் பெண் ஒருத்தி கேட்டால் எந்த ஆம்பளைதான் பேசாமல் இருப்பான்? ஊரையும் பேரையும் கக்க வைத்துவிட்டு, ஜீப்பை எடுத்துக்கொண்டு போய் நாலு சாத்து சாத்த வேண்டியதுதான் என்பது திட்டம்.

‘சூரியபிரகாஷ் சார், நீங்க எந்த ஊரு? கல்யாணம் ஆயிருச்சா?’ என்று அவள் கட்டுரைக்கு அடியிலேயே எழுதினான். வெறுமனே அதை மட்டும் கேட்டால் சந்தேகம் வருமே என்று, ‘அக்கா, எங்க கம்ப்யூட்டர்ல வைரஸ் வந்திருச்சு, லினக்ஸ் போடலாமா?’ என்று ஜெசிந்தாவுக்கும் ஒரு கேள்வியைப் போட்டுவைத்தான்.

சூரியபிரகாஷ் வாயே திறக்கவில்லை. ஜெசிந்தாதான் பக்கம் பக்கமாகப் பதில் எழுதினாள். அதை எவன் படித்தான்! மரிய ஜோசப் சூரியபிரகாஷின் பேரை மட்டும் தேடினான். விடாமல் நாலு வாரம் கேட்டான், நாலு வாரமும் அக்காவுக்கும் புதுசு புதுசாகக் கேள்வி போட்டான். அந்தப் பயல் அசையவில்லை.

காலேஜ் பெண் கூப்பிட்டே திரும்பிப் பார்க்காதவன் என்றால், ஜெசிந்தா அவன் மனசில் எப்படி உட்கார்ந்திருக்க வேண்டும்!

போதாக்குறைக்கு இப்போதெல்லாம் ஜெசிந்தாவின் முகத்தில் ஒரு களை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வராததுமாகக் கம்ப்யூட்டர்முன் உட்காருகிறாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் தெரியவில்லை. பாட்டு வேறு முணுமுணுக்கிறாள்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அவனுக்குப் பொறுக்கவில்லை. விறுவிறுவென்று வீட்டுக்குள் வந்து இன்டர்நெட் வயரைப் பிடுங்கினான்.

“இன்னையோட இதுக்குத் தலைமுழுகு. யாருடி அந்தச் சூரியபிரகாஷ்?”

ஜெசிந்தா திகைத்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தான்.

“ஆத்தாடி, இதுக்கா இம்புட்டுக் கோவம்! அது நான்தாங்க.”

“என்னது?”

“வருசக்கணக்கா எழுதுறேன், ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கல. ஒங்க மண்டியில ஏலம் சூடு பிடிக்கலன்னா என்ன செய்வீக? ஒங்க ஆளு பேச்சிமுத்துவ விட்டு மொதல்ல ஒரு வெல கேக்கச் சொல்லுவீகள்ல? அதே மாதிரிதான். ஒருத்தர் நல்லாருக்குன்னு சொன்னா நாலு பேரு வருவாகன்னு நானே ஒரு பேர வச்சு எழுதிக்கிட்டேன். விண்டோஸ்காரவுக, லினக்ஸ்காரவுக, எல்லாரும் வரணும்ல?”

“அப்பறம் எதுக்கு என்னையக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காமிச்ச?”

“யாருமே படிக்கலைன்னு ஒங்ககிட்ட எப்படிச் சொல்ல? வெக்கமா இருந்துச்சு.”

மரிய ஜோசப் கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தான். ஒன்றரை மாசமாக நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது சட்டென்று இறங்கிவிட்டது. மூணு கம்ப்யூட்டர்காரன் தனக்குத்தான் தினமும் சோறு போட்டுக்கொண்டிருக்கிறான்! அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“அடிப் பாவி மகளே! ஒருத்தரும் வரலைன்னா இதை எதுக்குக் கட்டிக்கிட்டு அழுவுற? மூடிட்டு வேலையப் பாரு.”

“மூடிரலாம்னுதான் இருந்தேன்.” ஜெசிந்தா சிரிப்பை நிறுத்திவிட்டு, அவன் கையிலிருந்த வயரை மெதுவாக வாங்கினாள். கண் கலங்கியிருந்தது. “போன மாசந்தான் மொத மொதல்ல நெசமா ஒரு ஆளு வந்துச்சு. அக்கா அக்கான்னு எம்புட்டு ஆசையாக் கேக்குது தெரியுமா?”

“யாரு?”

“திரிஷான்னு ஒரு புள்ளங்க. அது ஒருத்திக்காகத்தான் இன்னமும் எழுதுறேன்.”