நாற்பத்தொன்றாம் கட்டில்

கண்களை மூடச் சொன்னார்கள். மூடினாள்.

அதுதான் தப்பாகப் போயிற்று. காலை ஆறரையிலிருந்து நின்ற உடம்பு, இரவு வந்துவிட்டதென்றே நினைத்துக்கொண்டது. தலை பக்கத்து நர்ஸின் தோளில் சாய்ந்தது.

"மூச்சை நல்லா உள்ளே இழுங்க," என்றார் மேடையில் ஆஸ்பத்திரி இயக்குநர். திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். மைக் அவருடைய ஏப்பத்தையும் ஒலிபரப்பியது.

அவருக்குப் பின்னால் பேனர்: 'செவிலியர் நலமே எங்கள் மூச்சு.'

காலை ஷிப்ட் முடிந்து அரை மணி ஆகிறது. யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. நலம் பெற வராதவர்களுக்கு மெமோ.

அவள் கட்டி வந்த எலுமிச்சைச் சோறு, நர்ஸ்கள் அறையில் இன்னும் திறக்காமல் கிடந்தது.

வயிறு கத்தியது. மைக் இல்லாமலே முன்வரிசை வரை கேட்டது.

முன்வரிசையில் மேட்ரன். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. மெல்லத் திரும்பினார்.

செத்தேன், என்று நினைத்தாள்.

"நாப்பத்தொண்ணாம் பெட்டுக்கு ட்ரிப்ஸ் முடிஞ்சிருக்கும். ஏம்மா, நீ ஓடு."

ஓடினாள்.

பாதிப் படியில்தான் உறைத்தது. அந்த ஆஸ்பத்திரியில் மொத்தமே நாற்பது கட்டில்.

நர்ஸ்கள் அறைக்குப் போய் டப்பாவைத் திறந்தாள். நாலு வாய்கூட ஆகியிருக்காது, அடுத்தவள் வந்தாள்.

"எனக்கும் நாப்பத்தொண்ணுதான். பிரஷராம்."

பின்னாலேயே இன்னொருத்தி. "எனக்கு வாந்தியாம்."

"சாப்பிடுற நேரத்துல உனக்கு வேற வியாதியே கெடைக்கலயாடி?"

டப்பாக்கள் கைமாறின. ஒருத்தி செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை பெஞ்சின் மேல் நீட்டினாள். ஒவ்வொருத்தியாக, காலை ஷிப்ட் நர்ஸ்கள் பதினோரு பேரும் வந்து சேர்ந்தார்கள்.

மேசை ஓரத்தில் ஒரு டப்பா மட்டும் மூடியபடி இருந்தது. மேட்ரனுடையது.

அவள் கையைக் கழுவிக்கொண்டு மாடி ஏறினாள்.

காலி நாற்காலிகளுக்கு மூச்சுப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. முன்வரிசையில் மேட்ரன் தனியாக, கண்ணை மூடி, விறைப்பாக.

"மேடம். நாப்பத்தொண்ணாம் பெட்."

இயக்குநர் பதறிவிட்டார். "ரொம்ப மோசமா?"

"ஆமா சார். காலையிலேர்ந்து ஒண்ணுமே சாப்பிடல."

"அப்ப உடனே போங்கம்மா!"

மேட்ரன் எழுந்தார். வாசலைத் தாண்டும் வரைக்கும் முகத்தை இறுக்கமாகத்தான் வைத்திருந்தார்.